துர்ரோன்: வெளியேற்றப்பட்டவர்கள் விட்டுச்சென்ற கிறிஸ்மஸ் இனிப்பு

மெட்ரோவில் போய்க்கொண்டே கேட்கிறவங்களுக்கும், ராத்திரி சிங்க் முன்னாடி நின்னு பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேட்கிறவங்களுக்கும் வணக்கம். ரெண்டாவது கோஷ்டிக்கு இன்னைக்கு எபிசோட் ரொம்பப் பொருத்தம். ஏன்னா கதை ஒரு கடாயில்தான் தொடங்குகிறது.

போன வாரம் எங்க வீட்டுல ஒரு அடிகனமான கடாயில் தேன்பாகு இறுகிப்போய், கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொண்டது. கரண்டி நட்டமா நின்னுது, எடுக்க வரலை. வெந்நீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைத்துத்தான் மீட்டோம். நான் செய்ய நினைத்தது துர்ரோன். ஸ்பெயினில் கிறிஸ்மஸ் என்றால் மேஜைக்கு வந்தே ஆக வேண்டிய இனிப்பு. பாதாம், தேன், கொஞ்சம் சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, அவ்வளவுதான். 'நூகா' என்று சாக்லேட் கவர்களில் படித்திருப்பீர்களே, அந்தக் குடும்பம். பெயருக்கு மூலம் 'தொர்ரார்', அதாவது வறுப்பது என்ற சொல்லாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

நாலே பொருள் இருக்கிற ஒரு இனிப்புக்கு என்ன பெரிய வரலாறு இருந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். தேட ஆரம்பித்ததும், அது நேராக ஒரு நாடுகடத்தலில் போய் நின்றது.

முதலில் ஒரு கையெழுத்துப் பிரதியைப் பற்றிச் சொல்லணும். இத்தாலியின் பார்மா நகர நூலகத்தில் ஒரு ஸ்பானிஷ் கைப்பிரதி இருக்கிறது. 'மனுவல் தே முஹேரெஸ்', பெண்களுக்கான கையேடு. ஏறத்தாழ 1475க்கும் 1525க்கும் இடையில் எழுதப்பட்டது. யார் எழுதியது என்று தெரியாது. கைக்கு வாசனைத் தைலம், பல்லுக்குப் பொடி, வயிற்றுவலிக்கு மருந்து, நடுவில் சமையல் குறிப்புகள் என்று எல்லாம் கலந்து கிடக்கும். நம்ம பாட்டிங்க பழைய டைரியில், பால் கணக்குக்கும் கல்யாண மொய்க் கணக்குக்கும் நடுவுல ரசப்பொடி அளவு எழுதி வச்சிருப்பாங்க இல்லையா, அதே ரகம்.

அதில் துர்ரோன் செய்முறை இருக்கிறது. என் வார்த்தையில் சொல்கிறேன். ஒரு பவுண்டு தேனுக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. நன்றாக அடித்து, தேனோடு சேர்த்து மறுபடி அடித்து, ஒரு நாள் அப்படியே விட வேண்டும். மறுநாள் அடுப்பில் ஏற்றி, கையை எடுக்காமல் கிளற வேண்டும். பதம் வந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு கிண்ணம் பச்சைத்தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார். ஆறியதும் நொறுங்கினால் சரி. இறக்கி, வறுத்த பாதாமோ ஹேசல் பருப்போ பைன் பருப்போ போட்டு வில்லைகளாகத் தட்டு.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கடலை மிட்டாய் செய்கிறவர்கள் இன்றைக்கும் வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டு, 'டக்'கென்று உடைகிறதா என்றுதானே பார்க்கிறார்கள்? ஒரு ஊரிடமிருந்து இன்னொரு ஊர் கற்றுக்கொண்டது என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் பாகு காய்ச்சிய எவரும் வந்து சேருகிற இடம்தான் அது. ஆனால் 500 வருஷத்துக்கு முன்னால் ஒரு கடாய் முன் நின்ற, பெயர் தெரியாத ஒருவரின் கவலை, அதாவது 'இறக்கலாமா, இன்னும் ரெண்டு நிமிஷம் விடலாமா' என்ற அந்தக் கவலை, எனக்கு அப்படியே புரிந்தது.

சரி, இந்தக் குறிப்பை எழுதியவருக்கு இது எங்கிருந்து கிடைத்தது?

தேனைக் காய்ச்சி, வெள்ளைக்கரு சேர்த்து அடித்து வெளுக்க வைத்து, பருப்பு போடுகிற இனிப்புக்கு அரபு உலகில் 'நாத்திஃப்' என்று பெயர். 10ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இப்னு சய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலிலேயே அது இருக்கிறது. ஸ்பெயின், போர்ச்சுகல் இருக்கிற ஐபீரியத் தீபகற்பத்தின் பெரும்பகுதி 711இலிருந்து முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. அல்அந்தலூஸ் என்று பெயர். பாசன வாய்க்கால், கரும்பு, நெல், ஆரஞ்சு என்று அந்த மண்ணின் விவசாயமே அந்த நூற்றாண்டுகளில் மாறியது. சமையலும் மாறியது. 13ஆம் நூற்றாண்டு அந்தலூசியச் சமையல் நூல்களில் தேன், வெள்ளைக்கரு, பாதாம் சேர்ந்த இனிப்புகள் வருகின்றன.

அந்தக் காலத்துச் சமையல் எழுத்தாளர்களில் ஒருத்தர் மேல் எனக்குத் தனிப் பிரியம். இப்னு ரசீன் அத்துஜீபி. 1227இல் முர்சியா நகரத்தில் பிறந்தவர். இன்றைக்குத் துர்ரோனுக்குப் பேர் போன அலிகாந்தே பக்கத்தில்தான் முர்சியா. அவருடைய இளம் வயதிலேயே ஊர் காஸ்டீல் கிறிஸ்தவ அரசின் கைக்குப் போய்விட்டது. குடும்பம் கடல் கடந்தது. கடைசியில் துனிஸில் குடியேறி, அங்கே உட்கார்ந்துதான் தன் சமையல் நூலை எழுதினார். சமையலில் அந்தலூசியர்களை அடிச்சுக்க ஆள் இல்லை என்கிற தொனி அதில் இருக்கும். முதலில் சிரிப்பு வரும். பிறகு, திரும்பிப் போக முடியாத ஊரைப் பற்றி ஒருத்தர் வேறு எப்படி எழுதுவார் என்று தோன்றும்.

அவர் கிளம்பியது ஆரம்பம் மட்டும்தான். 1492இல் கிரனாடா விழுந்தது. அதே ஆண்டு யூதர்களுக்கு, மதம் மாறு, இல்லையென்றால் வெளியேறு என்று ஆணை வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் முஸ்லிம்களும் கட்டாயமாக ஞானஸ்நானம் பெற வைக்கப்பட்டார்கள். அப்படி மாறியவர்களையும் அவர்களுடைய வாரிசுகளையும் 'மொரிஸ்கோ' என்று அழைத்தார்கள். காகிதத்தில் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் யாரும் நம்பவில்லை. இன்குவிசிஷன் என்ற மத விசாரணை மன்றம் அவர்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் எட்டிப் பார்த்தது. பன்றி இறைச்சி சாப்பிடுகிறார்களா? தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா? கூஸ்கூஸ் சமைக்கிறார்களா? கூஸ்கூஸ் சாப்பிட்டது விசாரணையில் ஒருவருக்கு எதிரான சாட்சியமாகப் பதிவாகும்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. கூஸ்கூஸ் சந்தேகத்துக்குரியது ஆனபோது, தேனும் பாதாமும் போட்ட இனிப்பு மட்டும் எப்படித் தப்பித்தது? என் கணிப்பு இதுதான். கூஸ்கூஸ் ஏழை மொரிஸ்கோ வீட்டின் அன்றாடச் சாப்பாடு. அதைச் சாப்பிடுகிறவர் யார் என்று ஊருக்கே தெரியும். இந்த இனிப்போ அதற்குள் எஜமானர்கள் மேஜைக்கு ஏறிவிட்டது. தன் மேஜையில் இருப்பதை எந்த எஜமானர் அந்நியம் என்று சொல்லுவார்?

ஏறிவிட்டதற்கு ஆதாரம் இருக்கிறது. 1565இல் இறந்துபோன லோப்பே தே ருவேதா என்ற நாடகக்காரருடைய குட்டி நகைச்சுவை நாடகம் ஒன்றில் பிரச்சினையே துர்ரோன்தான். மேஜை மேலிருந்த ஒரு பவுண்டு அலிகாந்தே துர்ரோன் காணாமல் போகிறது, வேலைக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 'அலிகாந்தே' என்று ஊர்ப் பெயரோடு சொன்னால் பார்வையாளர்களுக்குப் புரிகிறது என்றால், அதற்குள் அது நம்ம 'திருநெல்வேலி அல்வா' மாதிரி பிராண்ட் ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

அலிகாந்தே நகர நிர்வாகம் கிறிஸ்மஸுக்குத் துர்ரோன் பரிசளிக்கிற வழக்கம் வேறு இருந்தது. அந்தச் செலவு எல்லை மீறிப் போகவே, 1595இல் மன்னர் ஃபிலிப்பே உள்ளே புகுந்து, துர்ரோனுக்கும் அத்திப்பழ ரொட்டிக்கும் சேர்த்து வருஷத்துக்கு 50 லிப்ராவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டார். தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் பட்ஜெட்டைத் தலைமைச் செயலகம் குறைத்த மாதிரி! பின்னாளில், 19ஆம் நூற்றாண்டு அரசியல் பேச்சில், 'துர்ரோன்' என்றால் அரசாங்கத் தயவில் கிடைக்கிற சொகுசுப் பதவி என்றே ஒரு கொச்சை அர்த்தம் புழங்கியது. ஸ்பானிஷ் அகராதியில் அது இன்றும் இருக்கிறது.

ஏன் கிறிஸ்மஸ்? பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பாதாம் அறுவடை ஆகஸ்ட், செப்டம்பரில். காய்ந்து, உடைத்து, உரித்து முடிக்கக் குளிர்காலம் நெருங்கிவிடும். வயலில் வேலை குறைவு, கையில் பருப்பும் தேனும் இருக்கு, முன்னால் ஒரு பண்டிகை இருக்கு. அவ்வளவுதான்.

இப்போது 1609.

மன்னர் மூன்றாம் ஃபிலிப். செப்டம்பர் 22ஆம் தேதி வலென்சியாவில் ஆணை வாசிக்கப்பட்டது. மொரிஸ்கோக்கள் அனைவரும் மூன்று நாளில் கிளம்ப வேண்டும், கையில் சுமக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அன்றைய வலென்சிய ராஜ்ஜியத்தின் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவர்கள். அலிகாந்தே, தேனியா துறைமுகங்களில் கப்பல்கள் காத்திருந்தன. பெரும்பாலும் ஓரான் பக்கம், வட ஆப்பிரிக்காவுக்கு. சிலர் மலைகளில் ஏறி எதிர்த்தார்கள். இன்றைய அலிகாந்தே மாகாணத்தின் லாகுவார் பள்ளத்தாக்கில் நடந்த எதிர்ப்பு நசுக்கப்பட்டது. 1614க்குள் ஸ்பெயின் முழுவதிலிருந்தும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள்.

அந்த ஆணையில் ஒரு விதி என்னைத் தூங்கவிடவில்லை. நூறு வீட்டுக்கு ஆறு வீடு மட்டும் தங்கலாம் என்று ஒரு விலக்கு கொடுத்திருந்தார்கள். எதற்குத் தெரியுமா? வீடுகளையும் சர்க்கரை ஆலைகளையும் நெல் விளைச்சலையும் பாசனத்தையும் காப்பாற்றுவதற்கு, புதிதாகக் குடியேறுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு. வேலை தெரிந்த கை இல்லாமல் போனால் நிலம் என்ன ஆகும் என்று ஆணையை எழுதினவர்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் செஞ்சிருக்காங்க. ஆறு சதவீதம் தங்கலாம் என்று சொன்னபோதும் பெரும்பாலானவர்கள் சொந்தக்காரர்களோடு கப்பல் ஏறிவிட்டார்கள். உள்நாட்டில் பல கிராமங்கள் வெறிச்சோடிக் கிடந்தன.

ஒரு விஷயத்தில் கவனமாக இருக்கணும். துர்ரோனைச் செய்தவர்கள் அத்தனை பேரும் மொரிஸ்கோக்கள், அவர்களை விரட்டிவிட்டு இனிப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று சொன்னால் அது சினிமா ஆகிவிடும். 1609க்கு வெகு முன்பே கிறிஸ்தவ வீடுகளிலும் இதைச் செய்துகொண்டிருந்தார்கள், அந்தப் பெண்கள் கையேடே சாட்சி. ஒரு ராஜா பனியைப் பார்க்க ஏங்கிய வடதேசத்து ராணிக்காகப் பாதாம் மரங்களை நட்டான், வெள்ளைப் பூ பூத்துப் பனி மாதிரி இருந்தது, அதனால்தான் ஊரில் இவ்வளவு பாதாம் என்று ஒரு கதையும் சொல்வார்கள். அழகான கதை. இதே கதையைப் போர்ச்சுகலிலும் சொல்கிறார்கள், அதனால் அதை அங்கேயே விட்டுவிடுவோம். நான் சொல்ல வருவது சின்ன விஷயம். ஒரு இனிப்பைச் சேர்ந்து சமைத்துப் பழகிய இரண்டு கூட்டத்தில் ஒன்றுக்கு மட்டும் அந்த ஊரில் இடம் இல்லாமல் போனது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்க. கெட்டித் துர்ரோனின் மேலும் கீழும் 'ஒப்லேயா' என்ற மெல்லிய வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும், சாப்பிடக்கூடிய தாள். மாவும் தண்ணீரும் சேர்த்துச் சுட்டது. தேவாலயத்தில் நற்கருணையில் கொடுக்கிற அப்பத்தின் நெருங்கின சொந்தம். உள்ளே நாத்திஃப், வெளியே நற்கருணை அப்பத்தின் தங்கச்சி. கடிக்கிறவர் யாரும் இதையெல்லாம் யோசிப்பதில்லை.

இனி ஹிஹோனாவுக்கு வருவோம். அலிகாந்தே நகருக்கு வடக்கே மலையடிவாரத்தில் இருக்கிற சின்ன ஊர். உள்ளூர் வலென்சிய மொழியில் ஷிஷோனா. துர்ரோனில் முக்கியமாக இரண்டு வகை. முழுப் பாதாமோடு பல்லைப் பதம் பார்க்கிற கெட்டி வகைக்கு 'அலிகாந்தே' என்றும், எண்ணெய் கசியும் மென்மையான பழுப்பு வகைக்கு 'ஹிஹோனா' என்றும் பெயர். மென்மையான வகை எப்படி வருகிறது தெரியுமா? முதலில் கெட்டித் துர்ரோன் செய்து, அதை ஆலையில் அரைத்து, 'போஷெத்' என்ற கொப்பரையில் போட்டு, இயந்திர உலக்கை இடிக்க இடிக்க மறுபடி சூடாக்குகிறார்கள். பாதாம் எண்ணெய் வெளியே வந்து எல்லாம் ஒன்றாகக் குழைகிறது. இரண்டு பெயர்களுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. உயர்தர வகை என்றால் கெட்டியில் 60 சதவீதம், மென்மையானதில் 64 சதவீதமாவது பாதாம் இருக்கணும். விலை ஏன் அவ்வளவு என்று இப்போது புரியும்.

ஹிஹோனாக்காரர்கள் பெரிய ஊர்சுற்றிகள். கிறிஸ்மஸ் சீசனில் ஸ்பெயின் முழுக்கப் போய், அடுக்குமாடி வீடுகளின் வாசல் நடையில் சின்னக் கடை போட்டு விற்பார்கள். அதே குடும்பங்கள் கோடையில் ஐஸ்கிரீம் விற்கும். லூயிஸ் மிரா என்ற ஹிஹோனாக்காரர் கழுதைகள் மேல் துர்ரோன் ஏற்றிக்கொண்டு மாட்ரிட் புறப்பட்டார், வழியிலேயே விற்றுத் தீர்ந்ததால் பலமுறை திரும்பிப் போய் ஏற்றி வர வேண்டியதாயிற்று என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அவர் தொடங்கிய காஸா மிரா கடை மாட்ரிட்டில் இன்றும் இருக்கிறது.

வீட்டில் செய்து பார்க்கணும் என்கிறவர்களுக்கு. 500 கிராம் பாதாமை வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, நன்றாகக் காயவைத்து, பொன்னிறமாக வறுத்து, சூடு ஆறாமல் மூடி வையுங்கள். பாதாம் ஆறிவிட்டால் பாகு தொட்டவுடனே இறுகிவிடும். எங்க கடாய்க்கு நேர்ந்த கதி அதுதான். 200 கிராம் தேனைச் சின்னத் தீயில் இளக்கி, 120 கிராம் சர்க்கரையைக் கரையுங்கள். இறக்கி, நுரைக்க அடித்த ஒரு வெள்ளைக்கருவைச் சேருங்கள். மறுபடி சின்னத் தீ. முதலில் பொங்கும், பயப்பட வேண்டாம். பிறகு அடங்கி, கெட்டியாகி, வெளுக்கும். முக்கால் மணி நேரம் வரை கூட ஆகலாம், கை மாற்ற ஒரு ஆள் இருந்தால் நல்லது. பதத்துக்கு அந்தப் பழைய தண்ணீர்க் கிண்ணம்தான். சொட்டு ஆறியதும் வளையாமல் உடையணும். பாதாமைக் கொட்டிப் புரட்டி, கேக் சாமான் கடையில் கிடைக்கும் வேஃபர் பேப்பர் போட்ட தட்டில் பரப்பி, மேலே இன்னொரு தாள் போட்டு, கனமான ஏதாவது ஒன்றை ஏற்றி வையுங்கள். ஆறியதும் உடனே காற்றுப் புகாத டப்பாவுக்குப் போகணும். தேன் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சென்னை டிசம்பரில், அதுவும் மழை பிடித்துக்கொண்டால், வெளியே வைத்த துண்டு மறுநாள் காலையில் பசை.

உண்மையைச் சொன்னால் இன்றைக்கு ஸ்பெயினில் நிறையப் பேர் இந்தப் பாடு படுவதில்லை, சூப்பர்மார்க்கெட்டில் அட்டைப்பெட்டியாக வாங்குகிறார்கள். அங்கே எல் அல்மெந்த்ரோ என்ற துர்ரோன் கம்பெனியின் டிவி விளம்பரம் ரொம்பப் பிரபலம். 1970களின் கடைசியிலிருந்து வருஷா வருஷம் ஏறத்தாழ ஒரே கதைதான். தூரத்தில் இருக்கிற பிள்ளை கிறிஸ்மஸுக்கு வீடு திரும்புகிறான், கதவு திறக்கிறது, அம்மா கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். அதற்கு முந்தைய இருபது வருஷத்தில் லட்சக்கணக்கான ஸ்பானியர்கள் ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் வேலைக்குப் போயிருந்தார்கள். அதனால் அந்த விளம்பரம் நேராக நெஞ்சில் இறங்கியது. துர்ரோன் என்றாலே வீடு திரும்புதல் என்று ஆகிப்போனது.

2015இல் ஸ்பெயின் ஒரு சட்டம் போட்டது. 1492இல் வெளியேற்றப்பட்ட யூதர்களின் வாரிசுகள் குடியுரிமை கேட்டு 2019 வரை விண்ணப்பிக்க முடிந்தது. மொரிஸ்கோக்களின் வாரிசுகள் வட ஆப்பிரிக்காவில் இன்றும் இருக்கிறார்கள். துனிசியாவின் தெஸ்தூர் அவர்கள் கட்டிய ஊர். எங்களையும் சேருங்கள் என்று கேட்டார்கள். அந்தச் சட்டத்தில் அவர்கள் இல்லை.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம். யாராவது செய்து பார்த்தால் போட்டோ அனுப்புங்க, கடாய் போட்டோவும் சேர்த்து.